ஈரப்பதம்

எங்கள் பக்கம் கல் கிடையாது.
ஆளுயரம் தோண்டினாலும் வண்டல்,
அதற்குக் கீழே களி, அதற்கும் கீழே தண்ணீர்.
ஒரு கருங்கல் வேண்டுமென்றால்
கொரடாச்சேரி தண்டவாளத்துக்குப் போக வேண்டும்,
அதுவும் எங்கிருந்தோ வேகனில் வந்த கல்.

இந்த மண்ணில்தான் இரண்டு பேரும்
நாலு கிலோ இரும்பை எறிந்துகொண்டிருந்தோம்.
அறுத்த வயலில் சாம்பலால் ஏழடி வட்டம்.
விழுந்தால் உருளாது குண்டு. புதையும்.
எறிவது ஒரு நொடி,
எடுப்பது முழங்கை வரை சேறு.
சித்திரையில் வெடிப்புக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும்,
கடப்பாரை விட்டு நெம்புவோம்.
ஒருமுறை வாய்க்காலோரம் விழுந்தது
கிடைக்கவே இல்லை.
குறுவைக்குச் சேறடிக்கையில்
டிராக்டரின் இரும்புச் சக்கரத்தில் இடித்து மேலே வந்தது.
சாமி சிலையோ என்று
டிரைவர் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினார்.
பள்ளிக்கூடத்தின் பெயர் அதில் அப்படியே இருந்தது.

மாவட்டப் போட்டியில் நான் முதல்,
தையல்நாயகி இரண்டாவது.
இதை யாரிடமும் சொல்வதில்லை.

புரட்டாசி. ராத்திரி ஒன்பதரை.
கொள்முதல் நிலையத்தில் நான் பட்டியல் எழுத்தர்.
ஈரமானியில் நெல்லைப் போட்டு
பதினேழு தாண்டினால்
காயவச்சு எடுத்துட்டு வாங்க என்பவள்.
காலையில் மாசிலாமணியின் குவியல்
பதினேழு புள்ளி மூன்று.
புள்ளி மூணுல என்னம்மா இருக்கு என்றார்.
பேனாவை மூடினேன்.

எடைத்தராசின் மேல் சாய்த்து வைத்த போனில்
கடலுக்கு அப்பால் ஒரு மைதானம்.
சுமைதூக்கும் எட்டுப் பேரும் என் தோளுக்குப் பின்னால்.
அறிவிப்பவன் அவள் பெயரை இரண்டாக உடைத்து
நடுவில் மூச்சு வாங்கினான்.
தாயல். நாயாகி.
அம்மன் பேரைக் கொலை பண்றானே என்றார் ரெங்கையன்.

முதல் எறி, சிவப்புக் கொடி.
இரண்டாவது, பதினைந்து முப்பத்தொன்று.
நாலு கிலோதானே,
நான் நாளைக்கு நானூறு சிப்பம் தூக்குறேன் என்றது ஒரு குரல்.
தூக்குறே. எறிவியா? என்றது இன்னொன்று.

அவள் கழுத்தில் வெள்ளைப் பொடியை அப்பினாள்.
தாடைக்குக் கீழே குண்டு அழுந்திய கறுப்பு
எனக்கும் இருக்கிறது,
பவுடர் போட்டால் மறையும்.

மூன்றாவது எறி.
வட்டத்துக்குள் வந்து
முதுகைக் காட்டி நின்றாள்.
அந்த நேரம் பார்த்து மழை.

தூறிச் சொல்லிவிட்டு வருகிற மழையில்லை.
திறந்த வெளியில் இரண்டாயிரம் சிப்பம்.
ஓடினோம்.
தார்ப்பாயின் ஒரு முனை என் கையில்,
காற்று மறுமுனையைப் பிடித்துக்கொண்டு
தர மாட்டேன் என்றது.
மூட்டைமேல் படுத்து அழுத்தினேன்.

திரும்பி வந்தபோது
நனைந்த திரையில் எண்கள் மட்டும்.
எட்டாம் இடம், பதினைந்து அறுபத்தெட்டு.
ஒன்பதாம் இடம், பதினைந்து அறுபத்தாறு.
எட்டுப் பேருக்குத்தான் இன்னும் மூன்று எறி.
ஒன்பதாவதை யாரும் மறுபடி போட்டுக் காட்டுவதில்லை,
கேமரா வேறொருத்தியின் சிரிப்புக்குப் போய்விட்டது.

ரெண்டு சென்டிமீட்டர்னா எவ்வளவு?
கேட்டவருக்கு ரெங்கையன்
தன் கட்டைவிரல் நகத்தைக் காட்டினார்,
அதில் பாதி வருடங்களுக்கு முன்பே
ஏதோ மூட்டைக்கடியில் போயிருந்தது.

நள்ளிரவில் போன் அதிர்ந்தது.
பார்த்தியா?
பார்த்தேன்.
சொல்லு.

கண்ணை மூடினேன்.
அறுத்த தாள்கள் பாதத்தில் குத்தின.
சாம்பல் வட்டத்துக்குள் அவள் குனிந்தாள், பின்னால் வழுக்கினாள்,
ஆயிரம் தடவை பார்த்ததைப் பார்த்தேன்.

இடது தோளைச் சீக்கிரம் திறந்துட்ட.

மூன்று புள்ளிகள் வந்தன, போயின, வந்தன.
தெரியும். எப்பவும் அதானே.
கொஞ்சம் பொறுத்து,
அங்க மழையா?

தார்ப்பாய்மேல் இன்னும் அறைந்துகொண்டிருந்தது.
டார்ச் வெளிச்சத்தை
மாசிலாமணியின் குவியல் பக்கம் திருப்பாமல்
இறுக்கிப் பிடித்துக்கொண்டு
லேசா
என்று அடித்தேன்.