ஓடல சார்

பழைய ஜெயில் ரோடு திரும்பும்போதே
கண்ணாடியில் ஒட்டிக்கொண்டது வெள்ளை பொலேரோ.
மணி ஒன்றே முக்கால்.
பின்சீட்டில் அற்புதமேரி.
மடியில் தூங்கும் பையன் கையில்
ஸ்டான்லியில் போட்ட மாவுக்கட்டு, ஈரம் காயவில்லை.
எர்ணாவூர் சவாரி.

கல்மண்டபம் தாண்டியதும்
பக்கத்தில் வந்து கூடவே ஓடியது.
தலையில் சுழல்விளக்கு இல்லை,
கதவில் எழுத்து இல்லை,
இறங்கிய கண்ணாடிக்குள்ளிருந்து ஒரு கை மட்டும்.
கட்டம்போட்ட சட்டைக் கை.
ஓரங்கட்டு என்றது.
லத்தியும் இருந்தது.
லத்தி பஜாரில் கிடைக்கும்,
கடைக்காரனைத் தெரிந்தால் தொப்பியும்.

"யாருண்ணா அது?"
"தெரியலக்கா."

கை காட்டிய ஓரத்தைப் பார்த்தேன்:
குடோன் சுவர்,
இரண்டு டிரெய்லர்களுக்கு நடுவே
சரியாக ஒரு கார் நுழைகிற இருட்டு.

போலீஸ் இல்லையென்றால்
பின்னால் ஒரு பொம்பளை, ஒரு பிள்ளை.
போலீஸ் என்றால்...
பத்தொன்பது வயதில் புளியந்தோப்பில்
கூப்பிட்டதும் ஓடினேன்.
எதற்கு ஓடினாய் என்பதைத்தான்
விடியவிடியக் கேட்டார்கள்.
வேறு கேள்வியே இல்லை அவர்களிடம்.
அந்த முட்டி இன்னும்
மழைக்கு முந்தின நாளே சொல்லிவிடும்.

கால் ஆக்சிலேட்டரை அழுத்தப் பார்த்தது.
காலை நான் நம்பவில்லை.
முள்ளை முப்பதிலேயே வைத்தேன்.
உள்விளக்கைப் போட்டேன், எங்கள் முகம் தெரியட்டும்.
நாலு மூலையிலும் மஞ்சள் சிமிட்ட
கையை வெளியே நீட்டி
முன்னால், முன்னால் என்று காட்டினேன்.
பார்த்துவிட்டேன், நிற்பேன், இங்கே இல்லை.
பொலேரோ பின்னால் போனது.
ஹாரன் மட்டும் முதுகில் ஏறி உட்கார்ந்தது.

"அக்கா, நூறு போடு."
ஏற்கெனவே போட்டிருந்தாள்.
எந்த லிமிட்டும்மா என்றது ஒரு பெண்குரல்.
ஹெட்லைட்டில் கண் கூசக் கூச
நம்பரை ஒவ்வொன்றாகப் படித்தாள்.
"காசிமேட்டுல போய் நிக்கிறோம்.
நிக்கலன்னு எழுதாதீங்க மேடம்,
ஓடலன்னு எழுதிக்கோங்க.
லைன்லயே இருங்க."

அந்நேரத்துக்கு இந்தப் பக்கம்
விழித்திருக்கிற இடம் அது ஒன்றுதான்.
படகு இறக்கிய வஞ்சிரம், ஐஸ் லாரி,
டியூப்லைட், தராசு, கூடை,
ஏலத்துக்கு முந்தின சண்டை.
நட்டநடு வெளிச்சத்தில் கொண்டுபோய் நிறுத்தினேன்.
கதவு பூட்டியபடி.
கண்ணாடி நாலு விரல் இறக்கி.
இரண்டு கையும் ஸ்டியரிங் மேல்
விற்பனைக்கு வைத்ததுபோல.

"எதுக்குடா ஓடின?"

"ஓடல சார். சிமிட்டிக்கினேதான் வந்தேன்."

"கார்டு காட்டுங்க சார்."
அது என் குரல் இல்லை.
பின்சீட்டிலிருந்து வந்தது.

அட்டையில் மீசை கறுப்பு, நேரில் நரை.
பெயரை எழுத்துக்கூட்டிப் போனில் சொன்னாள்.
எங்கேயோ ஓர் அறையில் யாரோ தட்டுகிற சத்தம்.
அப்புறம்,
"ஆமாம்மா, எங்க ஆளுதான்."

அற்புதமேரி மூச்சு விட்டாள்.
எனக்கு அப்போதுதான் முட்டி வலித்தது.

டிக்கியைத் திறந்தார். ஸ்டெப்னி, தண்ணீர் கேன்,
என் மகளின் ஒற்றைச் செருப்பு.
தேடுவது இதே கலர் எட்டியோஸாம்.
"அங்கயே நின்னிருந்தா
ரெண்டு நிமிஷத்துல விட்டிருப்பேன்."
இருக்கலாம்.
எறாக் கூடையை இடுப்பு மாற்றிக்கொண்டு
நகராமல் நின்றாள் ஒருத்தி.
அவளுக்குப் பின்னால் இன்னும் நாலு பேர்.
ஒருவரும் ஒன்றும் பேசவில்லை.
அவர் அவர்களைப் பார்த்தார்.
டிக்கியை மெதுவாகத்தான் மூடினார்.

எர்ணாவூர் பாலம் ஏறும்போது பையன் விழித்தான்.
"இன்னாது, டிக் டிக்குன்னு?"

அணைக்க மறந்திருக்கிறேன்.
எக்ஸ்பிரஸ் ரோடு முழுக்க,
பின்னால் ஒருவரும் இல்லாத இருட்டுக்கு,
நாலு மூலையிலும்
ஓடல
ஓடல
ஓடல