ஐம்பது ஹெர்ட்ஸ்

பாடாங் செராயில் ஏழு மணிக்கு
எல்லா வீடும் ஒரே கம்பியில் வாய் வைக்கிறது.
தாமான் முனையில் சீ கியோங்கின் வெல்டிங் பட்டறை,
கடைசி வரிசையில் மூன்று ஐஸ் பெட்டிகளோடு மீன் வியாபாரி,
நடுவில் நாங்கள்.
ஆற்றுக்கு அப்பால் செம்பனை ஆலையின் மோட்டார் எழும்போது
எங்கள் வரவேற்பறை விளக்கு
ஒருமுறை கண் சிமிட்டும்.

அதற்குப் பிறகு அந்த உறுமல்.
ஒலிபெருக்கியில் காது வைத்தால்
மூடிய பானைக்குள் ஒரு வண்டு.
பாட்டு தொடங்கிவிட்டால் தெரியாது என்பார்கள்.
எனக்குத் தெரியும்.
கூலிம் தொழிற்சாலையில் பதினோரு வருடமாக
சில்லுகளுக்குள் இரைச்சல் தேடுவதுதான் என் வேலை.
அங்கே சம்பளத்துக்குத் தேடுகிறேன்,
வீட்டில் சும்மா.

நானூற்று இருபது வெள்ளி.
பினாங்கிலிருந்து லோரியில் வந்தது மின் வடிகட்டி,
செங்கல் உருவம், செங்கல் கனம், ஆறு பிளக் வாய்.
உள்ளே என்ன என்று கேட்டார் குணாளன்.
கம்பிச் சுருள், மின்தேக்கி என்றேன்.
"தேத்தண்ணி வடிகட்டி மாதிரியா?"
அப்படித்தான்.
"அப்ப கரண்டுக்கும் சக்கை உண்டுன்னு சொல்லு"
என்று சிரித்துவிட்டு
மீன்தொட்டிப் பக்கம் போனார்.

முதல் ராத்திரி வீணை.
நரம்பு அடங்கிய பிறகும்
மரம் சற்று நேரம் பேசிக்கொண்டிருந்தது.
மெட்டில் நகம் உரசுவது கேட்டது.
வாசிப்பவர் மூச்சை இழுத்து, தயங்கி,
வேறெங்கோ போக நினைத்து, போகாதது கேட்டது.
"எனக்கு ஒண்ணும் வித்தியாசம் தெரியலையே லா" என்றார் இவர்.
அடுத்த வீட்டு காக் ரோஸ்னி சாய்ந்து உட்கார்ந்து
கண்ணை மூடி "செடாப்" என்றாள்,
கையில் என் பழக் கேக் இருந்தது,
எதைச் சொன்னாளோ.

மூன்றாம் வாரம் சனிக்கிழமை
அடுப்படியில் பார்த்தேன்.
என் வடிகட்டியில்
சோற்றுக் குக்கர்.

"எத்தனை நாளா?"
"திங்கக்கெழமையிலேர்ந்து. பழைய வயரு கருகிப்போச்சு.
இதுல நெறைய ஓட்டை இருந்துச்சு."

திங்கள். செவ்வாய்.
புதன் இரவில்தானே நான் எழுந்து நின்று
கேளுங்க, கேளுங்க,
துடைச்சு வச்ச கண்ணாடி மாதிரி இருக்கு என்றேன்?
அந்த வாரம் சுத்தமான மின்சாரம் குடித்தது
தாய்லாந்துப் புழுங்கலரிசி.

ஆலை நின்றிருந்ததா? இல்லை,
புகை வழக்கம்போல் கிழக்கே சாய்ந்துகொண்டிருந்தது.
சீ கியோங்கோ தீபாவளிக்குக் கேட்டு செய்யச் சொன்ன
நாலு பேரோடு திணறிக்கொண்டிருந்தான்.
என் காது பொய்யா,
என் பதினோரு வருடமுமா?

கோபத்தில் திரும்பியபோது தொட்டி தெரிந்தது.
காற்று மோட்டார் ஓடவில்லை.
கப்பிகள் எல்லாம் மேலே வந்து
நீரின் தோலை வாயால் தடவிக்கொண்டிருந்தன.
இரண்டு வெள்ளை வயிறுகள்.

அவர் தரையைப் பார்த்துச் சொன்னார்:
"நீ பாட்டுப் போட்டா இதை அடைச்சு வைப்பேன்.
பெட்டி வந்த நாள்லேர்ந்து.
இந்த மோட்டாருதான் உறுமுதுன்னு தோணிச்சு.
சொன்னா பெட்டியைத் திருப்பி அனுப்பிடுவே,
ஆசையா வாங்கின.
நேத்துதான் திறக்க மறந்துட்டேன்."

வித்தியாசம் தெரியவில்லை என்ற
அதே வாய்.

மீட்டரை எடுத்து அளந்திருக்கலாம்.
எது எவ்வளவு என்று பிரித்து எழுதியிருக்கலாம்.
வலையால் அந்த இரண்டையும் எடுத்து
பப்பாளி மரத்தடியில் போட்டுவிட்டு வந்தேன்.

இப்போது ஏழு மணி.
விளக்கு சிமிட்டுகிறது.
தொட்டியில் குமிழிகள் ஏறுகின்றன,
வடிகட்டியில் இன்னும் குக்கர்தான், புது வயர் வாங்கவில்லை.
வண்டு திரும்பி வந்திருக்கிறது, பழையதை விடச் சின்னது,
அல்லது எனக்கு அப்படி.
ஒலியை ஒரு புள்ளி கூட்டுகிறேன்.
அவர் எழுந்து தொட்டிப் பக்கம் நடக்கிறார்.
உட்காருங்க, என்கிறேன்.