பெயர்த்தல்

பக்கத்துக்கு நூற்றிருபது ரூபாய்.
ஆங்கிலம் வழியே வந்து சேர்ந்த நார்வே நாட்டுக் கதைகளை
ஒத்தக்கடை மாடியறையில்
யானைமலை பார்த்த ஜன்னலோரம்
தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன்.

முதல் கதையிலேயே சிக்கல்.
காட்டில் திரிகிற, கோயில் மணி கேட்டால் காதைப் பொத்துகிற,
ஞானஸ்நானம் பெற்றவன் ரத்தத்தை
மூன்று மலைக்கு அப்பாலிருந்து மோப்பம் பிடிக்கிற
அந்த நீள மூக்கனை என்னவென்று எழுத?
அரக்கன் என்றால் வீணையும் கிரீடமும் கூடவே வருகின்றன.
பூதம் என்றால் கிளம்பாமல் புதையல்மேல் உட்கார்ந்துவிடுகிறது.
முனி என்று எழுதி உடனே அடித்தேன்;
சுருட்டு கேட்டு முச்சந்தியில் நிற்பவர் நம்மவர்,
பகை வேண்டாம்.
ட்ரோல் என்றே விடலாம்தான்.
மீம் போடுகிறவன் என்று நினைப்பார்கள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள்.

அதைவிடச் சிக்கல் சூரியன்.
முதல் கதிர் பட்டதும் அது கல்லாகிறது.
எல்லோருக்கும் நிம்மதி.
இரண்டு மாதம் பொழுதே புலராத வடகோடியில்
வெளிச்சம் வந்து ஆளைக் காப்பாற்றும்.
இங்கே கத்திரி பதினோராம் நாள்,
குழாயைத் திறந்தால் கை வேகிறது.
‘கடைசியில் வெயில் வந்தது’ என்று எழுதினால்
‘ஐயையோ’ என்றுதான் படிப்பார்கள் மதுரையில்.

மின்சாரம் போனது. நிமிர்ந்தேன்.
ஊரை மிதிக்க வந்து
அம்பு பட்டுக் கல்லாய்ப் படுத்த யானை.
மேற்கே பாம்பு, அதுவும் அப்படியே.
பசு மட்டும் அம்பில் விழவில்லை;
எதிரே வந்த காளையின் அழகில் சொக்கிச் சரிந்ததாம்.
பாவாடைக்குள் மாட்டுவால் மறைத்து
ஆண்களைக் காட்டுக்குள் இழுக்கும் வடக்கத்திப் பெண்ணுக்கு
இந்தச் சேதியை யாராவது சொல்லவேண்டும்.

யானையை ஏவியது சமணர் என்பது கதை.
அந்தச் சமணரோ யானையின் விலாவிலேயே
கண்மூடி அமர்ந்திருக்கிறார்கள், சிற்பமாக.
ஒரு எறும்பையும் மிதிக்காதவர்கள்.
புதுச் சாமி குடியேறிய ஊரில்
பழைய ஆட்களுக்கு மூக்கு நீண்டுவிடுகிறது,
நார்வேயிலும்.

கீழ்வீட்டு மாயழகு டிரெய்லர் ஓட்டுகிறார்.
காற்றுக்காக மொட்டைமாடிக்கு வந்தவர்
என்ன எழுதுறீங்க என்றார். சொன்னேன்.
‘கல்லாப் போச்சா? அப்புறம்?’
அவ்வளவுதான், கதை முடிந்தது.
அவர் பீடியைத் தேய்த்து அணைத்தார்.
‘எங்க ஊர்ல இருந்ததும் கல்லுதான்.
நம்பர் போட்டு அறுத்து
நானே ஏத்திட்டுப் போயிருக்கேன், தூத்துக்குடிக்கு.’
அங்கிருந்து?
‘கப்பல் எங்க போகுதோ.’

பனி கொட்டும் ஏதோ ஓர் ஊரில்
சமையல்மேடையில் கருப்பாய்ப் பளபளத்து
அந்த மலை கிடக்கலாம்.
வீட்டுக் குள்ளச்சாமிக்கு
வெண்ணெய் உருகும் கஞ்சிக் கிண்ணத்தை
அதன்மேல் ஒருத்தி வைக்கலாம்.
மேடை ஏன் சுடுகிறதென்று அவளுக்குத் தெரியாது.

கரண்ட் வந்ததும் கடைசி வரியை முடித்தேன்:
‘விடிந்தது. கல்லாகிவிட்டது.’
கீழே பொடி எழுத்தில் ஒரு குறிப்பு,
பதிப்பாளர் வெட்டிவிடுவார், தெரியும்:
‘கல்லானதும் கதை முடிவது அந்த ஊர் வழக்கம்.’