இலைக்கு எத்தனை மாதம்

வீடு மாறினது பெப்ரவரியில்.
வூப்பர்டாலின் மேட்டுத் தெரு, நாலாம் மாடியிலிருந்து
ஆற்றோரத் தெரு, முதலாம் மாடிக்கு.
வாடகை எண்பது யூரோ குறைவு.
வேறு காரணமில்லை.

கடைசியாகக் கழற்றினது டிஷ்.
பன்னிரண்டு வருஷ மழை குடித்த போல்ட் நாலும்
வரமாட்டோம் என்று நின்றன.
தேங்காயெண்ணெய் விட்டுத் திருகி எடுத்து
துளைகளைப் பற்பசையால் அடைத்தேன்.
ஹவுஸ்மைஸ்டர் சுவருக்குக் கிட்டப் போய்
முகர்ந்து பார்த்தார்.
புதினா, என்றார்.
கையெழுத்துப் போட்டார்.

கம்பனிக்கு மூன்று தரம் ஃபோன்.
அட்டையின் பன்னிரண்டு இலக்கத்தையும்
மூன்று குரலுக்கு
மூன்று தரம் முதலிலிருந்து ஓதினேன்.
நீங்கள் எங்கே போனாலும் ஒப்பந்தம் கூட வரும்
என்றது மூன்றாவது,
தாலி கட்டின கையோடு சொல்வதைப் போல.
இன்னும் பத்தொன்பது மாதம்.

சத்தியரூபன் வந்தான்.
கிழமை நாளில் தபால், சனிக்கிழமையில் வானம்.
ஒரு நூல் கிழக்காலை, இன்னும் ஒரு நூல்,
என்று தனக்குத்தானே முணுமுணுத்துத் திருப்பினான்.
நான் பல்கனியில் தாங்கிப் பிடிக்க
உள்ளேயிருந்து நிறைமதி கூவினாள்:
அறுபது, அறுபத்தெட்டு, ஐயோ போச்சு,
எழுபத்தொன்பது! விடாதேங்கோ, அப்பிடியே நில்லுங்கோ!
பதினாறு வருஷத்தில்
என்னை நோக்கி அவள் அப்படிக் கூவினது
அதுதான் முதல் தரம்.

எதிரே ஒரு மரம் நின்றது,
கறுத்த வெறுங் குச்சியாய்.
குச்சிகளுக்கிடையால்
படம் பளிச்சென்று வந்தது.
மரத்தின் பெயரை யாரும் கேட்கவில்லை.

மே ஏழாந்தேதி, இரவு எட்டே கால்.
மாமியார் மருமகளின் பாலில் எதையோ கலக்கிறாள்.
மருமகள் டம்ளரைத் தூக்குகிறாள்.
டம்ளர் சதுரம் சதுரமாய் உடைந்தது.
பிறகு முகம் உடைந்தது.
பிறகு நீலம்.

கம்பனிக்கு நாலாம் தரம். பன்னிரண்டு இலக்கம்.
மரம், என்றேன்.
என்ன மரம்? என்றது குரல்.
இறங்கிப் போய்ப் பார்த்தேன்.
விரித்த கைகளைப் போல இலைகள்,
ஒவ்வொன்றும் ஒரு சாப்பாட்டுத் தட்டகலம்.
கஸ்டானியன், நகரசபைச் சொத்து, என்றார் புது ஹவுஸ்மைஸ்டர்.
அடிமரத்தில் தகரத் துண்டு: 4417.
அதற்கும் இலக்கம் இருந்தது,
பரவாயில்லை, நாலே நாலு.

தாவரங்களுக்கு நாங்கள் பொறுப்பல்ல என்று கடிதம் வந்தது.
முப்பத்தொரு யூரோ மாதாமாதம் போனது.
டிஷ்ஷின் குழியில் ஒரு புறா குடிவந்தது.
அதனிடம் யாரும் ஒப்பந்தம் கேட்கவில்லை.

டோர்ட்முண்டிலிருந்து தங்கச்சி எடுத்தால்
நிறைமதி முதலிலேயே சொல்லிவிடுவாள்:
பால் கதை மட்டும் சொல்லிப்போடாதை.
ஃபோனை வைத்த பிறகு பல்கனிக்கு வந்து
குடித்திருக்கமாட்டாள், என்பாள்.
பூனை தட்டிவிட்டிருக்கும்.
அந்த வீட்டில் பூனை இல்லையே, என்பேன்
அந்தத் தொடரை ஒருநாளும் ஒழுங்காய்ப் பாராத நான்.
மாமியார் கடைசி நொடியில் மனம் மாறியிருப்பாள், என்றேன் ஒரு நாள்.
அவளோ? மாறவோ?
உங்களுக்கு மனுசரைத் தெரியாது.
அதிலிருந்து பேச்சு
அவளுடைய பேக்கரி மேலாளருக்குப் போனது,
என் அண்ணாவுக்குப் போனது,
நாங்கள் பேசாமல் விட்ட ஒரு வருஷத்துக்குப் போனது.
பத்தரைக்கும் வெளிச்சம் போகாத ஜூன்.
இரண்டு தரம் தேத்தண்ணி ஆறிப்போனது.

ஒக்டோபர் நடுவில் காற்றடித்தது.
காய்கள் டிஷ்ஷில் டங், டங் என்று விழுந்தன.
விடிய எழும்பிப் பார்க்க
தெரு முழுக்கச் செம்மண் நிறத்தில் கைகள்.
அன்றிரவு படம் வந்தது.

மருமகள் இப்போது போலீஸ் இன்ஸ்பெக்டர்.
மாமியாருக்கு வேறு முகம்,
இவருக்குப் பதில் இவர் என்று என்றைக்கோ போட்டிருப்பார்கள்.
பாலைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.

நிறைமதி கொஞ்ச நேரம் பார்த்தாள்.
சத்தத்தைக் குறைத்தாள்.
இன்னும் எத்தனை மாதம் கிடக்கு, என்றாள்.
பதினொன்று, என்றேன்,
செப்டெம்பரில் கடிதம் போட்டு நிப்பாட்டலாம்.

அதில்லை, என்றாள்.
இலைக்கு.