திரும்பும்போது மட்டும்

எஸ்கேலுக்குப் போகையில் இல்லை.
தெற்கே, தெக்காவுக்குத் திரும்புகையில்தான்,
எழுபதைத் தாண்டியதும்
டக். டக்டக். டக்.

செயினை இறுக்கினேன்.
சைலன்சர் மூடிக்குக் கம்பி கட்டினேன்.
டேங்கில் காதை வைத்தால்
பெட்ரோல் தன்பாட்டுக்குத் தளும்பியது.

ஃபெர்மின் வால்வைத் திறந்தான், மூடினான்.
பெட்ரோல் பங்க் வரை ஒரு சுற்று ஓட்டி வந்து
"வண்டிக்கு ஒன்றுமில்லை, நெரேயா. உனக்குத்தான் பிரமை"
என்று ஒரு டின் ஆயிலை என் தலையில் கட்டினான்.

ஞாயிறு, மறுபடி.
இஞ்சினை அணைத்து இறக்கத்தில் உருளவிட்டேன்.
டக்.
பிரேக் பிடித்தேன். வண்டி நின்றது.
டக்டக். டக்.

நின்ற வண்டிக்கு ஏது சத்தம்?
வேலிக்கு அப்பால் ஒரு குவானாக்கோ
என்னையே பார்த்துக்கொண்டு நின்றது.

அன்று காற்றுக்கே எழுபது இருக்கும்.
மேற்கு மலையிலிருந்து வருவது.
போகும்போது இடக்கன்னத்தில், வரும்போது வலக்கன்னத்தில்.
வலக்காதோரம்
ஹெல்மெட் வாரின் மிச்ச நுனி
தட்டிக்கொண்டே இருந்தது.

உள்ளே செருகினேன்.

"உன் ஆயில்தான் சரிசெய்தது" என்றேன் ஃபெர்மினிடம்.
துணியில் கைதுடைத்துக்கொண்டிருந்தவன் நிறுத்தினான்.
முதல்முறையாக அவனுக்கும்
எங்கோ ஏதோ இடிப்பது கேட்டிருக்க வேண்டும்.