த்ரோ-இன்

நள்ளிரவு பன்னிரண்டரைக்கு
அங்கே விளக்குகள் எரியும்.
இங்கே ஜமாலியாவில், இரண்டாம் மாடியில்,
டிவியின் ஒலியை ஏழில் வைத்து
தலையணையைக் கடித்துக்கொண்டு
நான் கத்துவேன்.
பதினாறு வருஷமாய்.
போயே இராத ஓர் ஊரின் மழை
எனக்கு மனப்பாடம்.
அவர்களுடைய கோல்கீப்பருக்கு முட்டி வலித்தால்
மறுநாள் என் ஜிஎஸ்டி கணக்கில் பிழை வரும்.

எதிர் வீட்டுக் கன்னியப்பனுக்கு
இது ஆகாது.
ஐசிஎஃப்பில் வெல்டர்.
"அவங்களுக்கு உம் பேரு தெரியுமா?
நம்ம டீமு ஞாயித்துக்கெழம ஆடுது,
பாக்க எண்ணி முப்பது பேரு,
அதுல நாலு நாயி" என்பார்.
துரோகம் என்கிற சொல்லை
காலி கிளாஸ் மாதிரி
டொக்கென்று வைத்துவிட்டுப் போவார்.

ஒருநாள் கேட்டேவிட்டேன்:
உள்ளூர் என்றால் எத்தனை கிலோமீட்டர்ண்ணே?
நான் பிறந்தது செய்யாறு.
இங்கே வாடகை ஒப்பந்தம் பதினொரு மாசம்.
இந்தத் தெருவுக்கு என்னை
தண்ணி லாரி வரும்போது மட்டும்தான் தெரியும்,
அதுவும் பச்சைக் குடமாக.
ரேஷன் கார்டா இது,
முகவரி பார்த்து அன்பு கொடுக்க?
அவர் பீடியைத் தேடினார்.
"காலைல ஆறரைக்கு வா" என்றார்,
அது பதில் என்பதுபோல.

போகவில்லை.

பிறகு ஒரு புதன் இரவு
முட்டைப் பரோட்டா வந்தது.
கொண்டுவந்த பையன் ஹெல்மெட்டைக் கழற்றாமல்
என் தோளுக்கு மேலாகப் பார்த்து
"எவ்ளோக்கா?" என்றான்.
"ஆப்ல கட்டிட்டேனே."
"காசு இல்லக்கா. ஸ்கோரு."
ஒன்றுக்கு ஒன்று. எண்பத்தி ரெண்டாவது நிமிஷம்.
ஒரு கார்னர் முடியும்வரை
வாசலில் நின்றான்,
அவன் போன் அடுத்த ஆர்டருக்குக் கத்திக்கொண்டிருக்க.
பந்து பாரில் பட்டுத் திரும்பியது.
இருவரும் ஒரே கெட்ட வார்த்தையைச் சொன்னோம்.
"நானும் இவங்கதான்" என்று சொல்லி இறங்கிப் போனான்.

அந்த ஞாயிறு ஏன் போனேன் என்று தெரியாது.
ஒரு பக்கம் கால்வாய், ஒரு பக்கம் டிரான்ஸ்ஃபார்மர்.
பிளீச்சிங் பவுடரில் கோடு.
வலை இல்லாத கோல்;
அடித்த பந்தை ஆட்டோ ஸ்டாண்டில் போய்
எடுத்து வரவேண்டும்.
அன்றைக்கு நான்கு முறை எடுத்து வந்தார்கள்,
நான்கும் நாங்கள் வாங்கியது.
நாங்கள் என்று எழுதிவிட்டேன். இருக்கட்டும்.

மூன்றாம் நம்பர், லெஃப்ட் பேக்,
பரோட்டாப் பையன்.
பெயர் டெரிக்காம்.
கன்னியப்பனிடம் மெல்லச் சொன்னேன்:
உங்க டீமு ஆளே என் டீமுண்ணே.
ஆட்டத்திலிருந்து கண்ணை எடுக்காமல்
"அவன் எதையாவது பாத்துட்டுப் போறான்.
இங்க வந்து ஓடுறான்ல" என்றார்.

அப்போதுதான் பந்து கோட்டைத் தாண்டி
என்னை நோக்கி உருண்டது.
"அக்கா, பந்து!"
பதினாறு வருஷத்தில் ஒருமுறையும்
திரையிலிருந்து எதுவும்
என் பக்கம் வந்ததில்லை.
உதைத்தேன்.
செருப்பு பந்தைவிடத் தூரமாய்ப் போயிற்று.
ரெஃப்ரி சிரித்தார், நாய்களில் ஒன்று அதைத் துரத்தியது.
பந்து ஈரமாய் இருந்தது;
டிவியில் தெரிவதைவிடக் கனம்.
டெரிக் அதை வாங்கி
காலைத் தூக்கி எறிந்தான்,
ஃபவுல் த்ரோ.

மனம் மாறினேன் என்றெல்லாம் இல்லை.
சனி இரவு மறுபடி அந்த ஊர் மழை,
மறுபடி தலையணை.
எதிர் ஜன்னலில் பீடி நெருப்பு
என் டிவி வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது,
ஒன்றும் சொல்லவில்லை.
செருப்பில் நாய்ப்பல் பதிந்த இடத்தில்
கொஞ்சம் பிளீச்சிங் பவுடர்.
ஆறு மணி அலாரத்தை
இன்றைக்கு நான் வைக்கவில்லை.
போன வாரம் வைத்தது,
அணைக்காமல் கிடக்கிறது.