ஒரு சொல்லுக்கு ஆறு பென்ஸ்

லண்டனிலிருந்து கோப்பு வந்தபோது
செல்லூரில் கரண்ட் இல்லை.
தறிச்சத்தம் நின்ற மத்தியானம்.
கைப்பேசியில் திறந்தேன்:
நூற்றுப் பன்னிரண்டு பக்கம்,
பாதிக்கு மேல் கறுப்புப் பட்டை.
மறைத்ததைப் படித்தால் நீங்களும் குற்றவாளி ஆகலாம்,
உங்கள் நன்மைக்கே என்று
எழுதியிருந்தார் வக்கீல் ஒகாஃபோர்.
சொல்லுக்கு ஆறு பென்ஸ்.
பட்டைக்குக் கூலி கிடையாது.

திருமங்கலத்து மாயகிருஷ்ணன்,
இருபத்து மூன்று வயசு,
லூட்டன் பக்கம் கிடங்கில் ராத்திரி வேலை.
எதையோ இறக்கி வைத்திருந்தான்.
படித்தானா, யாருக்கும் கொடுத்தானா,
அதெல்லாம் பிறகு.
வைத்திருந்ததே குற்றம்.
கூடவே ஊர்க்காரனுக்கு ஒரு வரி:
'சனிக்கிழமை சம்பவம் இருக்கு மாப்ள'.

யாழ்ப்பாணத்திலிருந்து ஏழு வயதில் போனவராம்
முதல் மொழிபெயர்ப்பாளர்.
அகராதி பார்த்து நேர்மையாக எழுதியிருக்கிறார்,
நிகழ்வு என்று.
அரசுத் தரப்பு அதற்குத் திட்டமிட்ட என்று அடைமொழி சேர்த்தது.
தீர்ப்பில் அதுவே தாக்குதலாகி நிற்கிறது.
ஐந்து வருஷம்.
மேல்முறையீட்டில் அந்த ஒரு சொல்லை மட்டும் பிரித்து
என்னிடம் அனுப்பியிருக்கிறார்கள்.

எழுபதாம் பக்கத்தில்
பட்டை கொஞ்சம் விலகிப் போயிருந்தது.
அரை முகவரி தெரிந்தது.
மீதியை ஊகித்துத் தட்டினேன்.
அரசு உத்தரவின்படி இத்தளம் முடக்கப்பட்டுள்ளது.
அங்கே வைத்திருந்தால் ஜெயில்,
இங்கே தட்டினாலே கதவடைப்பு.
தேடிய தடத்தை அழித்தேன்.
அழித்ததும் ஒரு தடம்தானே என்று தோன்றியது.
அன்று ராத்திரி
வாசலில் பைக் நின்ற சத்தத்துக்கு
இரண்டு தடவை எழுந்தேன்.

மறுநாள் நோட்டோடு
பாலத்தடி டீக்கடையில் உட்கார்ந்தேன்.
மாநகராட்சி ஆள் என்று நினைத்து
மாஸ்டர் அடுப்பைச் சுவரோரம் தள்ளினார்.
எழுதிக்கொண்டே போனேன்.
கடைசி ஓவரில் பத்தொன்பது அடித்தவன்: சம்பவம் பண்ணிட்டான்.
சால்னா ஊற்றிய புரோட்டா: சம்பவம்.
கல்யாண ஃபிளெக்ஸில் கண்ணாடி போட்ட பதினாறு பேருக்குக் கீழே:
சம்பவக்காரர்கள்.
அரியர் முடித்த ஒருத்தி தோழியைக் கட்டிக்கொண்டு:
செம சம்பவம்டி.

நோட்டை மூடியிருக்கலாம்.
பக்கத்து பெஞ்சில் ஒருவர்,
குரலைத் தாழ்த்தாமல்,
பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல்:
ஆத்துக்கு அந்தப் பக்கம்
நேத்து ஒரு சம்பவம்.
மூணு பேராம். கழுத்துல.

அதே சொல்.
அதே ஊர்.
டீ ஆறி ஆடை கட்டும்வரை
அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவனுக்குச் சாதகமாக எழுதத்தான் கை துறுதுறுத்தது.
அவன் அக்கா ஒருநாள் போனில் பேசினாள்.
பாஸ்போர்ட் எடுக்க நகையை வைத்தார்களாம்.
பேசி முடிக்கும்போது கேட்டாள்:
ஒரு வார்த்தைதானேக்கா?

ஐந்தையும் எழுதினேன்.
விளையாட்டு, சாப்பாடு, ஃபிளெக்ஸ், பரீட்சை, கொலை.
மதுரையில் இச்சொல்லின் பொருளை
சொல்லுபவன் முகமே முடிவு செய்யும்,
முகம் தாளில் இல்லை என்று முடித்தேன்.
ஒத்தக்கடையில்,
ஹைகோர்ட்டுக்கு எதிர்ச்சாரியில்,
நோட்டரி முத்திரையை ஓங்கிக் குத்திவிட்டுக் கேட்டார்:
என்னம்மா, லண்டன்ல எதுவும் சம்பவமா?

ஏழு மாதம் கழித்துப் பதில் வந்தது.
அந்த வரியைச் சாட்சியத்திலிருந்து நீக்கிவிட்டார்கள்.
கோப்பு வைத்திருந்த குற்றம் நிற்கிறது.
பதினான்கு மாதம் குறைந்திருக்கிறது.
அக்காவுக்குப் போன் போட்டேன்.
மீதி எத்தனை என்று கேட்டாள்,
நான் சொல்வதற்குள்
அவளே கூட்டிக் கழித்துவிட்டாள்.

பில் அனுப்பும் நாளில்
கணக்கு உதைத்தது.
அறிக்கைக்குத் தனிக் கூலி.
மொழிபெயர்த்த சொற்கள்: ஒன்று.
ஆறு பென்ஸ் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

சனிக்கிழமை என்ன இருந்தது என்று
கடைசிவரை எனக்குத் தெரியாது.
அந்த வரிக்கு அவன் மாப்பிள்ளை போட்ட பதில்
அடுத்த பக்கத்தில்தான் இருந்தது,
கறுப்பாக,
மூன்று விரல்கடை நீளத்துக்கு.